நலங்கு மாவு அரைத்தவன்

மாவு மில்லில் வேலை பார்க்கிறவனுக்கு முதலில் மூக்கு போகும், மூக்கு போன பிறகுதான் தொழில் வரும். சீயக்காய் நெடியில் வரிசையாக நின்று தும்மியிருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நின்றேன். மாவுக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு ஒன்று, சீயக்காய்க்கும் குளியல் பொடிக்கும் ஒன்று. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். மாற்றிக் கொட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரண்டு தூக்குவாளி

வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அம்மாள் மாதம் ஒரு தடவை வருவார். அவர்கள் குளியல் பொடியைச் 'சுன்னிப்பிண்டி' என்பார்கள். பேத்தி பிறந்த மாதம் பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் காய்ந்த ரோஜா இதழும் இரண்டு தூக்குவாளியில் சரிபாதியாகக் கொண்டுவந்தார். சேர்த்து அரைத்துவிடலாமே, எனக்கும் வேலை மிச்சம் என்றேன். என்னைக் கையாலாகாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பச்சப் புள்ளைக்கு மை மாதிரி அரை நாயனா. எனக்குக் கொரகொரன்னு அரை. என் தோலு தேய்ச்சாத்தான் பேச்சுக் கேக்கும்."

பஞ்சு

பேச்சியம்மாள் நூல் மில்லில் வேலை பார்த்தாள். வன்னியம்பட்டியிலிருந்து வருவாள். காலை ஷிப்டு முடிந்து நேரே எங்கள் மில்லுக்கு வரும்போது புருவத்திலும் காதோரத்து முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். என் வயதுப் பெண்களெல்லாம் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் "ஏங்க, மிஷின் ஓடுதா?" என்பாள். அந்த ஒரு 'ஏங்க'வை வைத்துக்கொண்டு நான் எத்தனை மாதம் ஓட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கொஞ்சம் சீயக்காய். அவள் கொண்டுவருவது அவ்வளவுதான். ஒருநாள் துணிந்து, ரோஜா இதழும் சேர்த்தால் முகம் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது அழகு வாரதுக்கு இல்லீங்க, பஞ்சு போறதுக்கு."

ஒரு பிடி அரிசி

குளியல் பொடி அரைக்குமுன் ஒரு பிடி அரிசியை மிஷினில் ஓட்டிவிட வேண்டும். முன்னால் அரைத்ததன் மிச்சம் அதோடு வெளியே வந்துவிடும். பேச்சி வந்தால் நான் இரண்டு பிடி ஓட்டுவேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜவுளிக்கடை பாய் ஒருவர் தன் வீட்டு அம்மாவுக்கு வெட்டிவேரும் சந்தனத்தூளும் பன்னீர் ரோஜாவும் கொண்டுவருவார். மஞ்சள் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. அவர் பை வந்தால் மில்லே மணக்கும், என் செத்த மூக்குக்குக்கூட எட்டும். அன்று பேச்சிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் போனதும் என் காதருகே குனிந்தார்.

"எங்க பொடிக்கு ஒரு பிடி, அந்தப் புள்ள பொடிக்கு ரெண்டு பிடியா தம்பி? அரிசிய வீணாக்காம வாயத் தொறந்து கேட்டுரு."

வியாழக்கிழமை

கேட்டிருக்க வேண்டும். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று ஒரு வருடத்தைத் தள்ளினேன். ஒருநாள் அவள் வழக்கமான மஞ்சள் பைக்குப் பதில் பெரிய சாக்குப்பை நிறையக் கொண்டுவந்தாள். பயறு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ், கார்போக அரிசி எல்லாம் இருந்தது. "நலங்குக்கு. வியாழக்கிழமை கல்யாணம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் வாங்கினேன், கொட்டினேன், அரைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகு கண்ணைத் துடைத்தேன். எரிந்தது. அழுகிறேன், எரியத்தானே செய்யும் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், நான் நின்றிருந்தது மிளகாய் மிஷின் முன்னால்.

கடைக்கு ஓடிப்போய் அதே சாமான்களைப் புதிதாக வாங்கி, சரியான மிஷினில் அரைத்து, கொஞ்சம் குழைத்து என் கன்னத்தில் தடவி அரைமணி நேரம் உட்கார்ந்தேன். எரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி, வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி நடந்தேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பெற்ற அய்யா, மில்லிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். மிஷினை மாற்றி அரைத்துவிட்டேன் என்றதும் பேச்சி பழைய பையைக் கொடுத்தாள், புதியதை வாங்கிக்கொண்டாள். நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை. என் கன்னத்தில் காய்ந்திருந்த மாவையே செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அய்யா பந்தல்காரனிடம் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு பை பொடிக்கு இம்புட்டுத் தூரம் வர முடிஞ்சதுல்ல ஒங்களால? ரெண்டு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா எங்கய்யா இதே மோரக் குடுத்து, வந்த சோலி என்னன்னும் கேட்டிருப்பாக."

ஊர்ப் பெண்களில் யார் தோலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கரைத்துக் குடித்திருந்த நான், அன்றே மில்லில் வாயைத் திறந்து கேட்டிருந்தாலும் மிஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.