பெல்லினியும் நான் எழுதிய கடைசி வரியும்

டின் ஓப்பனர் தகரத்தைக் குத்தியதும் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். பிறகு அந்த வாசனை... சர்க்கரைப் பாகில் ரோஜாவைப் போட்ட மாதிரி.

பீச் பழத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். பஃபலோ ரோட்டில், எங்கள் மாடி அறையில், தகர டப்பாவுக்குள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா கடலோரத்தில் ஒரு ஹோட்டலில் வெயிட்டர். அங்கே பாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஹைனான் சீனர் வேலையை விட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு இத்தாலிய விருந்தினர்கள் வருகிறார்கள், ‘பெல்லினி’ என்ற பானம் கேட்கிறார்கள், உனக்குச் செய்யத் தெரியுமா என்று வெள்ளைக்கார மேனேஜர் துரை அப்பாவைக் கேட்டிருக்கிறார்.

அப்பா யோசிக்காமல் “யெஸ் சார்” என்றுவிட்டார்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பார் வேலை அப்பாவுக்கு. இல்லையென்றால் வேறு ஆள். அப்பா கடைசிவரை தட்டுத் தூக்க வேண்டியதுதான்.

“பேரே இப்பத்தான் கேள்விப்படுறேன் செல்வி. உன் லைப்ரரியில இதுக்கெல்லாம் புக்கு இருக்குமா?”

இருந்தது... ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டு நூலகத்தில், பெரியவர்கள் பகுதியில். எனக்கு அங்கே அனுமதி கிடையாது. அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே எழுதினேன். மசித்த பீச் ஒரு பங்கு. இத்தாலிய நுரை ஒயின் மூன்று பங்கு. இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்...

“கேர்ள், யூ ஆர் இன் த ராங் செக்‌ஷன்.”

நூலக அம்மையார் என் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டார். பக்கத்தின் கடைசி வரிவரை வந்திருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். வீட்டில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் தமிழில் எழுதினேன். எழுதி முடித்தபோது ஏதோ குறைவது போலிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்த மற்ற பானங்களெல்லாம் ஒரே மாதிரி முடிந்தது நினைவுக்கு வந்தது. நானாகவே சேர்த்தேன்:

‘நன்றாகக் குலுக்கவும்.’

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து, பழத்தை மசித்து, அப்பாவும் நானும் வடிகட்டியில் தேய்த்தோம்.

“காப்பி வடிகட்டியில சாராயத்துக்குப் பழம் பிழியிறீங்களா? நல்லா இருக்கு லா குடும்பம்!” என்றார் அம்மா.

“இது வெறும் பழம்டி. நக்கிப் பாரு.”

அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “திகட்டுது. ஒரு லீமாவ் பிழிஞ்சு விடுங்க.” எலுமிச்சையைப் பிழிந்தோம். சரியாக வந்தது.

மறுநாள் நாலு மணிக்குக் கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகம் போனேன். மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அம்மையார் மேசையில் இல்லை. உள்ளே நுழைந்து அதே புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

‘ஒருபோதும் குலுக்கக் கூடாது. நுரை பொங்கிச் சீறும். மெல்ல ஊற்றி, கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கினால் போதும்.’

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து.

ஓடினேன்... பாடாங் திடலில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஆண்டர்சன் பாலத்தில் ஆற்று நாற்றம் மூக்கில் ஏறியது. செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். குலுக்கும் டப்பா அப்பா கையில் வெடிப்பதும், இத்தாலியச் சீமாட்டிகளின் உடையெல்லாம் பழக்கூழ் வழிவதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

ஹோட்டலின் பின்வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா, தாடி வைத்த சீக்கியர், வழியை மறித்தார். “தா போலே! தா போலே!” உள்ளே போகக் கூடாதாம்.

“பாப்பா சாயா கெர்ஜா சினி!” என் அப்பா இங்கேதான் வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

சமையலறையைக் கடந்தால் பாருக்குப் போகும் கதவு. அதில் வட்டமாக ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் அப்பா. எதிரே எட்டுப் பத்து பேர். பக்கத்தில் துரை. பழக்கூழும் ஒயினும் குலுக்கும் டப்பாவுக்குள் போய்விட்டன. அப்பா மூடியை அழுத்திக்கொண்டிருந்தார்.

கதவை ஒரு சாண் தள்ளினேன்.

“அப்பா! குலுக்காதீங்க!”

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா மட்டும் திரும்பவில்லை. அவர் கை அப்படியே நின்றது.

“ஹூ இஸ் தட் கேர்ள்?” என்றார் துரை.

“டோன்ட் நோ, சார். சம் கிச்சன் சைல்ட்” என்றார் அப்பா.

சமையல்காரர் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். கதவு மூடுவதற்குள் ஒன்றை மட்டும் பார்த்தேன். அப்பா மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நீளக் கரண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து அப்பா சொன்னார். “ரெண்டாவது ரவுண்டும் கேட்டாங்க. பார் நமக்குத்தான்.” அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன்.

“கோவமா செல்வி?”

“இல்லப்பா.”

“எம் மகள்னு சொன்னா, எதுக்கு ஓடி வந்தாள்னு துரை கேப்பாரு. தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன்ல...”

தலையாட்டினேன். அந்தக் கடைசி வரியை நானாக எழுதினேன் என்று நானும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் இருந்தது, படிக்க விட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் என் மகள் அதே கடலோரத்தில் ஒரு உயரமான கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப் போனாள். இப்போது எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் வருஷம் முழுக்க பீச் கிடைக்கிறது. மெனுவில் பெல்லினி இருந்தது. கேட்டேன். பாரில் நின்றது நம்ம தமிழ்ப் பெண். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும்.

“ஆன்ட்டி, இது நான் ஃபர்ஸ்ட் டைம் செய்யிறேன் லா. ஃபோன்ல பாத்துத்தான் செஞ்சேன். நல்லா இல்லாட்டி சொல்லுங்க, மாத்தித் தர்றேன்!”

பக்கத்தில் அவளுடைய மேனேஜர். அவரும் சிரித்தார்.

நல்லாத்தான் இருந்தது... ஆனால் பாதியிலேயே கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்ல ஒரு இடம் அன்றைக்கு அப்பாவுக்கு இருந்திருந்தால், நான் யார் என்றும் சொல்லியிருப்பார்.