உஷாராணி காத்திருந்த பரீட்சை

காலைப் பசியாறலுக்கு முன் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "யாரெல்லாம் கை கழுவினீங்க?" என்று கேட்பது உஷாராணியின் வழக்கம். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கும். அதை அவள் நம்பியதே இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் குந்தி, பிஞ்சு விரல்களை மோந்து பார்ப்பாள். சவர்க்கார வாசம் வராத பிள்ளை சிரித்துக்கொண்டே குழாயடிக்கு ஓடும்.

கிள்ளானில் புனிதா நடத்தும் பாலர் பள்ளியில் நான்கு வயது வகுப்பு தொடக்கத்திலிருந்தே அவளுடையது. தாய்மார்கள் அவளைப் பாசாரில் பார்த்தாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, படிவம் ஐந்தோடு படிப்பை முடித்து, கையுறைத் தொழிற்சாலையில் இளமையைக் கழித்தவள் அவள். அந்த ஒரு சொல்லை விடப் பெரிதாக எதையும் அவள் சம்பாதித்திருக்கவில்லை.

2023 தொடக்கத்தில் புனிதா அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள்.

"உஷா, அடுத்த வருஷத்திலேருந்து சர்ட்டிபிகேட் உள்ளவங்கதான் கிளாஸ் எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். பேரண்ட்ஸ் கேக்குறாங்க, என்ன செய்ய? ஒரு வருஷக் கோர்ஸ்தான். முடிச்சிரு லா. எனக்கு உன்னை விட்டா யாரு?"

அந்தச் சனிக்கிழமையே கொமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். கடைவீட்டு மாடியில், அந்தக் கோர்ஸை நடத்தும் கல்லூரியின் முகப்பில் ரிஷி என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு வகை இருக்கு ஆன்டி. லைவ்னா செவ்வாய், வியாழன் சாயந்தரம், டீச்சர் நேரா திரையில வருவாங்க. செல்ஃப்-பேஸ்ட்னா எல்லாம் ரெக்கார்ட் பண்ணது. உங்க இஷ்டம், உங்க நேரம். எது வேணும்?"

உஷாராணிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நேரலை வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவனே இணைப்பை அனுப்பினான். அவளுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அவனே திறந்து கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கைப்பேசியின் முன் உட்கார்ந்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இளம் பெண்கள். ஆசிரியை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து ஆங்கிலத்தில் பேச வைத்தார். உஷாராணியின் முறை வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தில் பாதியைச் சொல்லியிருப்பாள். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிவிட்டு வந்த கணவன் லோகன், குளித்த ஈரத்தோடு, இடுப்பில் சாரம் மட்டும் கட்டியபடி பின்னால் வந்து நின்று, "குழம்பு எங்கடி வச்ச?" என்று கேட்டான். ஒரு கட்டம் சிரித்தது. பிறகு எல்லாக் கட்டங்களும் சிரித்தன. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, சொல்லுங்க உஷா" என்றார். மீதி வாக்கியம் அவளுக்கு மறந்து போயிருந்தது.

மறுநாள் ரிஷிக்குச் செய்தி அனுப்பினாள். ரெக்கார்ட் பண்ணதே போதும் தம்பி.

அந்த முடிவு சரியென்றே அந்த ஆண்டு முழுவதும் நம்பினாள். பாலர் பள்ளி முடிந்து வந்ததும் கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைப்பாள். பாடத்தை ஒரு வாக்கியம் ஓடவிடுவாள், நிறுத்துவாள், எழுதுவாள். கரும்பலகையில் உள்ளதைப் பிழையில்லாமல் எழுதி முடிப்பதுதான் படிப்பு என்று தோட்டத்துப் பள்ளி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. பதிவில் பேசும் ஆசிரியை சலிக்கவில்லை, சிரிக்கவில்லை, அவளை எதுவும் கேட்கவும் இல்லை.

"அந்தம்மாவ இப்படி நிறுத்தி நிறுத்திப் பேச விடுறியே, அவங்களுக்கு வாய் வலிக்காது?" என்பான் லோகன்.

"நீங்க சட்டை போட்டுக்கிட்டுப் பேசுங்க."

ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் 'குவிஸ்' என்று ஒரு நீலப் பொத்தான் இருந்தது. ஒருமுறை தெரியாமல் தொட்டுவிட்டாள். கேள்விகள் வரிசையாக விரிந்தன. பரீட்சைத் தாளை முன்கூட்டியே பார்ப்பது திருட்டல்லவா? கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தை அடைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானின் பக்கம் விரலைக் கொண்டு போகவே இல்லை. பாடங்கள் முடிந்ததும் டீச்சர் பரீட்சைக்கு நாள் குறிப்பார், மண்டபம் சொல்வார், எண் கொடுப்பார். அதுவரை படித்து வைப்பது நம் பாடு. நினைவூட்டல்கள் ரிஷி திறந்து கொடுத்த மின்னஞ்சலுக்கு வந்துகொண்டே இருந்தன. வாட்சாப் தவிர வேறெதையும் திறந்து பழகாத அவளுக்கு அது தெரியவே தெரியாது.

கடைசிப் பாடத்தையும் எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. டிசம்பர் இறுதியில் கைப்பேசியில் பாடங்கள் திறக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினாள்.

ரிஷி கணினியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஆன்டி, நீங்க ஒன்னுமே செய்யலையே. ஸீரோ காட்டுது."

"எல்லாம் பாத்தேன் தம்பி. ஒரு வரி விடாம எழுதி வச்சிருக்கேன்."

"பாத்தா மார்க் கிடையாது ஆன்டி. குவிஸ் பண்ணனும். அதான் பரீட்சை."

"பரீட்சைன்னு யாரும் சொல்லலையே?"

"செல்ஃப்-பேஸ்ட்ல யாரும் சொல்ல மாட்டாங்க ஆன்டி. நாமதான் பாத்துக்கணும்."

"அந்த லைவ் கிளாஸ்ல?"

"அங்க டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, செஞ்சியா, செஞ்சியான்னு உயிரை எடுத்துருவாங்க. அத விடுங்க."

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். முதல் பாடத்தின் முதல் கேள்வி. அதற்கு விடை அவளுக்குத் தெரியும். விரலால் தொட்டாள். திரை அசையவில்லை.

"வருஷம் முடிஞ்சிருச்சு, பூட்டியாச்சு ஆன்டி. மறுபடி சேரலாம், எப்ப வேணும்னாலும் சேரலாம். அதான் இதுல வசதி."

திரும்பி வரும்போது கொமுட்டரில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை.

புனிதா திட்டவில்லை. திட்டியிருந்தால் உஷாராணிக்கு அழவாவது முடிந்திருக்கும். "புது டீச்சர் ஜனவரியில சேர்றா உஷா. பேசி முடிச்சிட்டேன். நீ சமையலைப் பாத்துக்கோயேன்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைகள் குழம்பிவிடக் கூடாதென்று இன்னொன்றும் ஏற்பாடானது. இனிமேல் உஷாராணி 'ஆன்டி'.

புது ஆசிரியை ஷாமினி நன்றாகத்தான் பாடம் நடத்தினாள். குறை கண்டுபிடிக்கலாமா என்று அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட உஷாராணிக்கு ஒன்றும் சிக்கவில்லை. பிள்ளைகள் கலகலவென்று சிரித்தன. புதியவளின் முழங்காலில் சாய்ந்துகொண்டன.

முதல் வாரத்தில் ஒரு நாள், மைலோ குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. அவளை அறியாமலே வாய் திறந்தது.

"யாரெல்லாம் கை கழுவினீங்க?"

பிள்ளைகள் கையைத் தூக்கவில்லை. திரும்பி ஷாமினியைப் பார்த்தன.

"நான் கேட்டுட்டேன்கா" என்றாள் ஷாமினி, மரியாதையாகவே.

"தேங்க் யூ, ஆன்டி" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூறின.

உஷாராணி தட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணின் விரல்களில் சவர்க்கார வாசம் வந்தது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லாத தொட்டியின் முன் நெடுநேரம் நின்றிருந்தாள்.