நாளைக்குக் கேளு

பொங்காலைக்கு முந்தின நாளே அம்மாவை ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப் போய்விட ஜானவி நினைத்திருந்தாள். ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கலிட வரும் பெண்கள் கரமனைத் தெருக்கள்வரை செங்கல் அடுப்பு கூட்டுவார்கள். அத்தனை நெருப்பை அம்மா பார்க்கக் கூடாது. ஆபீஸ் வேலை இழுத்துவிட்டது. காலையில் காரை எடுக்கப் போனால் வாசலிலேயே மூன்று அடுப்புகள். இந்த ஊரிலேயே பிறந்தவள், தெரு அடைபடும் என்பதை மறந்திருந்தாள்.

"அடுப்பு மேல ஏத்திண்டு போகப் போறியா?" என்றாள் அம்மா சூடாமணி, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் சூடாமணி. பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்காரும் ஆண்களை மலையாளத்தில் வறுத்தெடுப்பாள். சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். போன வருஷம் ஒரு காலை, கேஸ் கசிந்திருந்தது தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். ஈரப் போர்வையோடு பாய்ந்து அவளை இழுத்தது ஜானவி. பிழைத்தால் எப்படி இருப்பார் என்பதை விளக்கிவிட்டு, "சிகிச்சையைத் தொடரட்டுமா?" என்றார் டாக்டர். ஜானவி தலையாட்டினாள்.

பிழைத்தாள். இடது கண் தோலுக்கடியில் மூடிப்போயிற்று. உதடுகள் சுருங்கிப் பல் வெளியே தெரிந்தது. வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. கழுத்துத் தோல் இறுகி முகவாயை மார்போடு கட்டிப்போட்டது. வீட்டுக்கு வந்த அன்று ஒரே கேள்வி கேட்டாள்.

"என்னை ஏன்டி இழுத்தே?"

ஜானவி மென்பொருள் சோதிப்பவள். பிழையைக் கண்டுபிடித்து எழுதிவைப்பது தொழில். இதில் பிழை எது என்று தேடினாள். அதன்பின் குக்கர் விசில் அடங்கினாலும் அந்தக் கேள்வி கேட்டது. ஆபீஸ் லிஃப்ட் மூடினாலும் கேட்டது.

கோயில் பக்கம் செண்டை மேளம் முழங்கியது. பொங்காலையில் யாரும் தீக்குச்சி கிழிப்பதில்லை. கோயில் அடுப்பில் மூட்டிய தீ, ஓலையில் ஏறி, அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரவேண்டும். கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. தெருக்கோடியிலிருந்து புகை மெல்ல நடந்து வந்தது.

வாசலில் இருந்த கடைசி அடுப்பு, நாகர்கோவிலிலிருந்து வந்த உலகம்மையுடையது. முட்டி வலி, உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. பக்கத்து அடுப்புக்காரி தன் தீயை ஊதுவதிலேயே இருந்தாள். உலகம்மை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எக்கா, சும்மாதானே நிக்கியோ? அந்தத் தீயக் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்."

அம்மா கதவைத் திறந்தாள். ஜானவி குறுக்கே நின்றாள்.

"வேண்டாம்மா."

"நகருடி. கேட்டுட்டாளே."

வெயிலில் அந்த முகம். தெருவே திரும்பிப் பார்த்தது. உலகம்மையும் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள்.

"பயமா இருக்கா?" என்றாள் அம்மா.

"எங்க வீட்டுக்காரருக்க மொகறைய இருவது வருசமா பாக்கேன். நீங்க வேற. தீயத் தாங்கக்கா, அரிசி ஊறிப்போச்சு."

அம்மாவின் பல்லிடுக்கில் காற்று சீறியது. அது சிரிப்பு என்று புரிய ஜானவிக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

அம்மா ஒட்டிப்போன கையையும் மறு கையையும் சேர்த்து ஓலையை இடுக்கினாள். நெருப்பை நெருங்கியதும் ஓரடி பின்வாங்கினாள். ஓலையை விடவில்லை; எரியும் நுனியை உலகம்மையின் அடுப்பில் வைத்தாள்.

மாலையில் உலகம்மை கொடுத்த பாயசத்தை ஊட்டும்போது ஜானவி கேட்டாள். "அம்மா, நான் இழுத்தது சரியா?"

"இன்னிக்கு சரி. நாளைக்குக் கேளு."

கேட்டாள். தினமும் கேட்டாள். பல நாள் "இல்லடி" என்று வந்தது. வலி கூடிய நாட்களில் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒரு நாள், "காப்பி நன்னா இருந்தது. அதனால சரி."

ஜூனில் பிடித்த இடவப்பாதி மழையில் அம்மாவுக்குச் சளி நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். கடைசி நாளும் ஜானவி குனிந்து கேட்டாள். ஒற்றைக் கண் அவளையே பார்த்தது. ஒட்டிப்போன கை படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. கொடுப்பதுபோலவா, தள்ளுவதுபோலவா? ஜானவிக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அடுத்த பொங்காலைக்கு உலகம்மை அதே இடத்தில் செங்கல் வைத்தாள். புகை வந்ததும், யாரும் எதுவும் சொல்வதற்குள், ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"எக்கா, தீ!"

ஜானவிதான் வெளியே வந்தாள். உலகம்மை அவள் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

"தா மக்கா."

ஓலை பிடித்துக்கொண்டது. அனல் மணிக்கட்டில் ஏறியது. விட்டுவிடலாம் போலிருந்தது. அம்மா இதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையும் ஜன்னலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள். ஜன்னலில் யாரும் இல்லை.