கட்டம் போட்ட நீலச் சட்டை

வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு எதிரே புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் தொடங்கும் இயந்திரச் சத்தம் பொழுது சாயும்வரை ஓயாது. நான் அலமாரியை அடுக்குவேன், கலைப்பேன், திரும்ப அடுக்குவேன். என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கொஞ்ச நேரம் உக்காருலா, பாக்குற எனக்கே தலை சுத்துது" என்பார்.

தோட்டப்புறங்களில் கைவேலைத் திட்டங்கள் நடத்தும் தோழி ஒருத்தி இருக்கிறாள். எனக்கும் ஏதாவது வேலை கொடு என்று அவளிடம் கேட்டேன். பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தைச் சொன்னாள். அங்கே பொது மண்டபத்து மேடைக்குத் திரை இல்லை. பெண்கள் வீட்டிலிருக்கும் பழைய துணிகளை வெட்டி, துண்டு துண்டாகச் சேர்த்து, பொங்கல் கலைநிகழ்ச்சிக்குள் பெரிய திரை ஒன்று தைக்க வேண்டும். "உனக்குத் தைக்கத் தெரியும், கார் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றாள்.

முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. கத்தரிக்கோலையும் சாக்பீஸையும் மேசையில் பரப்பிவிட்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இப்படி நடப்பது யார் என்று பார்க்க இரண்டு பெண்கள் வந்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் இன்னும் சிலரை அழைத்து வந்தார்கள். வங்கியில் வேலை பார்த்தவள் என்று சொல்லியும் எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

அவர்களுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு சேலையாக விரித்து, இது கிள்ளானில் எந்தக் கடையில் எடுத்தது, எந்தக் கல்யாணத்துக்குக் கட்டியது என்று பேசுவார்கள். பிறகு மடித்து வைத்துவிடுவார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "வெட்டலாமா அக்கா?" என்று நான் கேட்டால், "வெட்டலாம் டீச்சர், மொதல்ல தண்ணி குடிங்க" என்பார்கள்.

முதலில் வெட்டியது நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆண்கள் சட்டைகளைக் கொண்டுவந்தார். எல்லாம் இஸ்திரி போட்டு மடித்தவை.

"வீட்டுக்காரரோடதா?" என்று கேட்டேன்.

"ஆமா. வெட்டுங்க."

பக்கத்தில் இருந்தவர் என் காதருகே குனிந்து, "அவரு போயிட்டாரு டீச்சர்" என்றார்.

எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்ணே கத்தரிக்கோலை வாங்கி, கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்றின் பையோடு சேர்த்து நேராக வெட்டினார். அந்த நீலம் நன்றாக இருந்ததால் திரையின் நடுவிலேயே வைத்தோம்.

அதன்பிறகு நான் அவரிடம் தனிக் கனிவோடு நடந்துகொண்டேன். பலகாரம் வாங்கிப் போனேன். ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் கொஞ்சமா மனசு தேறிடும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பொங்கல் நெருங்கிய சமயம், திரையைத் தரையில் விரித்து, மெஷினில் ஓரம் தைத்துக்கொண்டிருந்தோம். கையில் ஹெல்மெட்டோடு ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். திரையையே வெகுநேரம் பார்த்தார்.

"அது என் சட்டை" என்றார்.

தையல் மெஷின் நின்றது. "யாரு இவரு?" என்று, அன்று என் காதருகே குனிந்தவரிடம் கேட்டேன்.

"அவருதான் டீச்சர், வீட்டுக்காரரு."

"செத்துட்டாருன்னு சொன்னீங்களே!"

"ஐயோ, நான் எங்க அப்படிச் சொன்னேன்? போயிட்டாருன்னுதான் சொன்னேன். ஜொகூருக்கு. போயி வருசக்கணக்காச்சு, ஒரு போன்கூட இல்ல."

மெஷினில் இருந்த மனைவி தலை நிமிரவில்லை. "சட்டை வேணுமா? உள்ள வந்து எடுத்துக்குங்க."

"இல்ல, சும்மா பாத்தேன்."

"பாத்தாச்சுல்ல."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். மெஷின் திரும்ப ஓடியது. நூல் அறுந்தது, கோத்தார், மறுபடியும் அறுந்தது. நான் அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். "அந்தத் துண்டைப் பிரிச்சிடவா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. தோழிக்குப் போன் போட்டேன், கணவரிடம் புலம்பினேன். நான் சொன்ன ஆறுதலெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிட்டேன்.

மண்டபத்தில் அந்த மனிதர் ஏணிமேல் நின்று திரைக்கான கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார். வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லையாம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்த இவரைப் பெண்கள் கூப்பிட்டுவிட்டார்கள். கீழே நின்று வளையங்களை எடுத்துக் கொடுத்தது அவர் மனைவி.

"இன்னொன்னு."

"இந்தாங்க."

வளையம் ஒவ்வொன்றாக மேலே போனது.

பொங்கல் விழாவில் திரையை இழுப்பது என் வேலை. பாதியில் சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் பாதி மறைந்தபடியே ஆடத் தொடங்கிவிட்டார்கள். அந்த மனிதர் பின்னாலிருந்து ஓடிவந்து கம்பியை உலுக்க, திரை விலகியது. கைதட்டல் கேட்டது. நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன், எதுவும் பிடிபடவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் நாற்காலிகளை மடித்து அடுக்கினார். மனைவி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தார். அன்று என்னவோ நடந்துவிடும் என்று எதிர்பார்த்த நான்தான் காரில் ஏறியும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தார். அடுத்து மேசைவிரிப்பு தைக்கலாமா என்று பெண்கள் கேட்கிறார்களாம். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அவரு எப்படி இருக்காரு?"

"கிள்ளான் போர்ட்ல லோரி ஓட்டுறாரு டீச்சர். அங்கயே ரூம் எடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை வருவாரு. சோறு போடுவேன், சாப்பிட்டுட்டுப் போவாரு. இப்போதைக்கு அவ்ளோதான்னு சொல்லிட்டேன்."

"என்ன சமைப்பீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"எனக்குப் புடிச்சதுதான்" என்று சிரித்தார். "நெத்திலி சம்பல். அவருக்குக் காரம் ஆகாது. ஆனா சாப்பிடுறாரு."