நெல்லி மாமி வரைந்த கண்கள்

நெல்லி மாமியை முடித்தது கண் வியாதி இல்லை, நாங்கள்தான் என்று நான் சொன்னால், என் அகத்துக்காரர் சங்கரன் "ஆரம்பிச்சுட்டியா" என்பார். ஆரம்பிக்காமல் என்ன செய்வது? தெருவில் எல்லோரும் சௌகரியமாக மறந்தாயிற்று. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

கொர்னேலியா என்று பெயர். வாயில் நுழையாமல் எங்கள் தெரு அவளை நெல்லி ஆக்கிவிட்டது. ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊர். அப்பா மீன் விற்றவர். பதினான்கு வயதில் பீங்கான் தட்டுகளில் நீலப் பூ வரையும் வேலைக்குப் போனாள். யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் துலிப் பூக்கிழங்கை வேகவைத்துத் தின்று பிழைத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் புருஷனோடு அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு வந்தாள். இரண்டே வருஷத்தில் டைபாய்டு அவரைக் கொண்டுபோயிற்று. ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று கேட்டால், "அங்கே எனக்கு யார் காத்துண்டிருக்கா" என்பாள். நாடகங்களுக்குப் படுதாவில் அரண்மனையும் காடும் எழுதினாள். நாட்டியப் பெண்களுக்குக் கண்ணும் புருவமும் தீட்டினாள். அறுபத்திரண்டில் மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம், எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தாள். நான் கல்யாணமாகி வந்த அன்று, விஜயலக்ஷ்மி என்ற என் பெயரை விஜி என்று சுருக்கியதே அவள்தான். பேச்சு முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு. வெள்ளைக்காரி வாயால் 'ஆத்துல' கேட்பதற்காகவே பால்காரன் நின்று வம்பளப்பான்.

நாடகங்கள் குறைந்த பிறகு கொலு பொம்மைதான் அவள் பிழைப்பு. ஆவணி பிறந்தால் தெருவில் உள்ள வீடுகளிலிருந்து வெளிறிப்போன பொம்மைகள் பின்கட்டுக்கு வந்துவிடும். புடவை, நகை, கிரீடம் எல்லாம் எழுதிவிட்டுக் கண்ணைக் கடைசியில் வைப்பாள். அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்காருவாள். முடிந்ததும் பொம்மையின் அடியில் ஆணியால் ஒரு சின்ன மீன் கீறுவாள். அது அப்பாவுக்காகவாம்.

தொண்ணூற்று நாலில் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். போன பார்வை வராது, இருப்பதும் போய்விடும் என்றார். ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விஜி, தெருவுல சொல்லாதே. சொன்னா பொம்மை கொண்டு வரமாட்டா. பொம்மை வரலேன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

சொல்லவில்லை. இரண்டு வருஷம் கைப்பழக்கத்திலேயே ஓட்டினாள். தொண்ணூற்று ஆறில் கை ஏமாற்றிவிட்டது. எங்கள் கொலு மீனாட்சி என் கல்யாணச் சீரில் வந்தவள். அவளை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கண் நெற்றியில், இன்னொன்று கன்னத்தில். மாமி என் முகம் இருந்த பக்கம் திரும்பி, "எப்படி இருக்கா?" என்றாள்.

"தத்ரூபமா இருக்கா மாமி" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? வீடு வீடாகப் போய், அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்லவர்கள்தான். ஆனால் கண் கோணின பொம்மையைப் படியில் வைக்க யாருக்கு மனசு வரும்? குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். வேறு ஆளிடம் கொடுத்துத் திருத்தினால் அவள் காதுக்குப் போய்விடும் என்று அதற்கும் பயம். பின்னமான சாமிகளைக் கொண்டுபோய் வைக்கிற இடம் ஒன்று உண்டே, குளத்தங்கரை அரசமரத்தடி, அங்கே ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. முதலில் போனது எங்கள் மீனாட்சி. முந்தானையில் மூடி நானே கொண்டுபோனேன்.

நவராத்திரி ஒன்பது நாளும், "இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி மாமி, இடிபடுவேள்" என்று அவளை எந்த வீட்டுக் கொலுவுக்கும் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். சரஸ்வதி பூஜையன்று வழக்கம்போல் தன் தூரிகைகளை எங்கள் பூஜையில் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் விஜயதசமியில் எடுத்து ஒரு கோடாவது போட்டுவிட வேண்டும். முப்பத்துநாலு வருஷமாக அது தவறியதில்லை.

அன்று காலை மாமிக்குக் காப்பி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வாசல் பெருக்கும் செண்பகம் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து வருகிறவள், சூதுவாது தெரியாது. கையில் ஒரு சரஸ்வதி.

"நெல்லிம்மா, இது மரத்தாண்ட சும்மா கெடந்துச்சு. எம் பொண்ணு ஜோதிக்குப் படிப்பு வரட்டும்னு எடுத்தாந்தேன். மூஞ்சிதான் இன்னாத்துக்கோ கோணிக்கினு கீது. எவனோ போதையில கண்ணு வரைஞ்சிக்கீறான். நீ கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. மாமி பொம்மையை வாங்கி வீணையைத் தடவினாள், கிரீடத்தைத் தடவினாள். பிறகு கவிழ்த்துக் கட்டைவிரலால் அடியைத் துழாவினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இதுமாதிரி அங்கே எத்தனை இருக்கு செண்பகம்?"

"எட்டோ ஒம்போதோ கீதும்மா. ஏன், வோணுமா?"

மாமி என் காலடிச் சத்தத்தைக் கேட்டிருப்பாள்போலிருக்கிறது. திரும்பாமலே, "விஜி, உங்காத்து மீனாட்சியும் அங்கேதானா?" என்றாள்.

"இல்லே மாமி. கொலுவுல, நடுப்படியில இருக்கா."

என் வாய் கூசவில்லை. அவள் "சரி" என்றாள். பொம்மையைச் செண்பகத்திடம் கொடுத்து, "இப்படியே வெச்சுக்கோ, எனக்குக் கண் தெரியாது" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து தெரு கேட்டது அதுதான் முதல் தடவை.

தூரிகைகளை எடுக்க அன்று அவள் வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் ஆவணியில் பின்கட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். சாப்பிட்டாள், தூங்கினாள், ரேடியோ கேட்டாள். மனுஷி இருந்தாள், அவ்வளவுதான். ஒரு தடவையாவது சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

தொண்ணூற்று ஒன்பது ஐப்பசியில், அடைமழையில், படுத்த படுக்கையானாள். எண்பத்துமூன்று வயது. ஒருநாள் சாயங்காலம், "விஜி, மீனாட்சியை ஒரு தடவை கொண்டு வா, தொட்டுப் பாக்கணும்" என்றாள்.

என்ன செய்வேன்? மரத்தடி மீனாட்சி எப்போதோ மழையில் கரைந்துபோயிருந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு வடக்கு மாடவீதிக்கு ஓடினேன். நவராத்திரி முடிந்து பொம்மைக் கடைக்காரர்கள் மிச்சப் பொம்மைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே உயரத்தில், கையில் கிளியோடு ஒரு மீனாட்சி கிடைத்தாள். ஈரத்தைத் துடைத்துக் கொண்டுவந்து மாமியின் கையில் வைத்தேன்.

கிளியைத் தடவினாள். முகத்தைத் தடவினாள். பிறகு பொம்மையைக் கவிழ்த்தாள். கட்டைவிரல் அடியில் போய் ஒருமுறை சுற்றிற்று, இன்னொருமுறை சுற்றிற்று. மீன் கீறாத அடி வழவழவென்று இருந்தது.

பொம்மையை நிமிர்த்தி என் கையில் கொடுத்தாள்.

"அவளேதான். கண்ணை நன்னாத்தான் வெச்சிருக்கேன், இல்லியா விஜி?"

"ஆமாம் மாமி" என்றேன்.