அம்புக்குறியாரின் பத்து விநாடி

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவரை அம்புக்குறியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

சான்றிதழ் அச்சடிக்கும் கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் முன்பே இருந்தது. லினக்ஸ், மேலிடத்துச் சுற்றறிக்கையின் பேரில் வந்து, திரைப் பட்டியலில் முதலிடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. சான்றிதழ் மென்பொருளோ விண்டோஸுக்காக எழுதியது. காலையில் பொத்தானை அமுக்கினால் இரண்டு பெயரும் திரையில் வரும், பத்து விநாடி எண்ணிக்கை ஓடும். அதற்குள் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். தவறினால் லினக்ஸ் திறந்துகொள்ளும். மூடிவிட்டு மறுபடி தொடங்கினால் போயிற்று. ஆனால் முதல் நாள் தட்டியவர் இவர். ஆபீஸில் ஒரு வேலையை ஒருவர் ஒருமுறை செய்துவிட்டால், அப்புறம் அடுத்தவர் விரலை வைப்பாரா?

நாலு வருஷமாக மனிதர் லீவே போட்டதில்லை. ஒன்பது மணிக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்து, விரலைச் சொடுக்கி, ஒன்பதாவது விநாடியில்தான் தட்டுவார். முதல் விநாடியிலேயே தட்டிவிட்டால் அதில் என்ன பெருமை இருக்கிறது? மைத்துனன் கல்யாணத்துக்குக்கூட சாப்பாட்டு நேரத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தவர். "நான் இல்லாம ஆபீஸ் ஓடாது" என்பார். மனைவிக்கும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

இந்த முறை மகளுக்குப் பிரசவம், வெளியூரில். "அப்பா பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்ங்கிறா. நாளைக்கு சாயங்காலம் பஸ்ஸு. பத்து நாள் லீவு கேளுங்க" என்றாள் மனைவி, காலையில் அவர் ஆபீஸ் கிளம்பும்போது. கேட்டார்.

"மெஷினை யாரு பாத்துக்கிறது?" என்றார் அதிகாரி.

கோப்புகளைச் சரிபார்க்க வேறு அலுவலகத்திலிருந்து அன்று ஒருநாள் மட்டும் வந்திருந்த அம்மாள் தலையை நிமிர்த்தினாள். "விண்டோஸை டீஃபால்ட்டா வச்சிட்டா தானா திறக்குமே சார். யாரும் தட்ட வேணாம்."

எழுந்து வந்தாள். அமைப்புகளைத் திறந்தாள், விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாள், சேமித்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இனி நிம்மதியா போய்ட்டு வாங்க சார்" என்றாள் நல்ல மனசோடு. அவளை அவருக்கு அறவே பிடிக்கவில்லை.

"அப்புறம் என்ன, நாளைக்குக் காலையில லீவுக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் அதிகாரி. இவ்வளவு லேசாக விட்டுவிடுவார் என்று அம்புக்குறியார் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் எட்டரைக்கே வந்துவிட்டார். பொத்தானை அமுக்கினார். விண்டோஸ் இவரைச் சட்டையே பண்ணாமல் தானாகத் திறந்தது. அவள் செய்ததை வரி பிசகாமல் பார்த்து வைத்திருந்தார். லினக்ஸை மறுபடி முதலில் வைத்துச் சேமித்து, மெஷினை அணைத்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தான் போன பிறகு ஒரு நாளாவது இவர்கள் திண்டாடட்டும், ஐயோ அவர் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அவ்வளவுதான்.

அதிகாரி லீவுக் கடிதமும் கையுமாக வந்து, கையெழுத்துக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தானே பொத்தானை அமுக்கினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லினக்ஸ் திறந்தது. சான்றிதழுக்கு நின்றவர்களின் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

"என்னங்க, பழையபடி ஆயிடுச்சு?"

நான்தான் மாற்றினேன் என்பது அவர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மானம் போகும். மூடி, மறுபடி தொடங்கி, தட்டினார். சான்றிதழ் அச்சாகி வந்தது.

அதிகாரி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க. உங்கள விட்டா எங்களுக்கு வேற ஆளே இல்லைன்னு இன்னைக்குத்தான் புரியுது."

நாலு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினார். இப்போது அது காதில் விழுந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மனைவி போனில் வந்தாள். "கையெழுத்தாச்சா? உங்க பொண்ணு காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்கா."

"நீ மட்டும் கிளம்பு" என்றார்.

ஏன் என்று கேட்டாள். "நான் இல்லாம ஆபீஸ் ஓடாது" என்று எப்போதும் சொல்லும் காரணம் இன்றைக்கு நிஜமாகவே இருந்தது. அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.