தண்ணி கேட்ட மனிதர்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியிருக்கும் திரௌபதியின் வீட்டுக்குப் பௌர்ணமிதோறும் முன்பின் தெரியாத பெண்கள் வருவார்கள். கழிப்பறைக்குத்தான். மற்ற வீடுகளில் ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்குவார்கள், அவள் வாங்கியதில்லை. மலை சுற்றியதுமில்லை, விரதம் இருந்ததுமில்லை. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை. கணவர் இறந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் மகன் புகழேந்தியை வளர்த்தாள். "நம்மால ஒருத்தருக்கும் கெடுதல் வரக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச சாமி அவ்ளோதான்" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மார்கழி விடியலில், புகழேந்தி தன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். முன்விளக்கு நொறுங்கியிருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

அவன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "கீழ்பென்னாத்தூர்லருந்து வந்தேம்மா. ஒரே பனி. ஒரு பெரியவரு குறுக்க வந்துட்டாரு. எறங்கிப் பாத்தேன். உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டாரு."

"குடுத்தியா?"

"பயந்துட்டேம்மா. வந்துட்டேன்."

செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுச் சுப்பிரமணியின் ஆட்டோவில் அந்த இடத்துக்கு ஓடினாள். அதற்குள் அந்த மனிதரின் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். காவி வேட்டி, பக்கத்தில் ஒரு துணிப்பை. பேர், ஊர் யாருக்கும் தெரியவில்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது.

மருமகள் வினோதினி அழுதாள். "கேக்க ஆளில்லாதவரு அத்தை. கோயில்ல ஒரு பரிகாரம் பண்ணிடலாம். கொழந்த சினேகாவுக்கு மூணு வயசுதான ஆவுது?"

"சாமி மன்னிச்சிடும்மா. அந்தப் பெரியவருகிட்ட யாரு போய்க் கேக்கறது?"

மூன்று நாள் மகனிடம் கெஞ்சினாள். "நீயே போய்ச் சொல்லிடுடா. நானும் கூட வரேன்." அவன் போர்வைக்குள்ளிருந்து எழவே இல்லை. நாலாம் நாள் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"உங்க சொந்தப் பையனாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் கேட்டார்.

"ஒரே பையன் சார்" என்றாள்.

ஜீப்பில் ஏறும்போது புகழேந்தி திரும்பிப் பார்த்தான். "நீ சாமி கும்பிடறவளா இருந்திருந்தா ஒரு பூசை போட்டுட்டுச் சும்மா இருந்திருப்ப. என்னைக் காட்டிக் குடுத்திருக்க மாட்ட."



வழக்கு முடிந்து இரண்டு வருடத் தண்டனை கிடைத்தது. வினோதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போதாவது போனைச் சினேகா எடுப்பாள். "யாரு?" என்று கேட்டதுமே யாரோ பிடுங்கி வைத்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத் திரௌபதி மறுபடி மறுபடி போன் செய்வாள்.

மாதம் இருமுறை பஸ் ஏறி வேலூர் சிறைக்குப் போனாள். "வரலைன்றாரும்மா" என்பார் காவலர். ஏழு மாதம் அப்படியே போயிற்று. எட்டாம் மாதம் அவன் வந்தான். இளைத்திருந்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, "இனிமே வராத. உன்னைப் பாத்தா எனக்கு ஆத்திரந்தான் வருது" என்றான்.

"சாப்ட்டியாடா?" என்றாள்.

அவன் திரும்பி நடந்தான்.

தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சரி என்று தெரிந்ததால் வலி கம்மியாகவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை அழுதாள்.